கீரியில் விழுந்த கோபுர நிழல்

கொழும்பில் தொலைக்காட்சிக் கோபுரம் கட்டி முடிந்த அன்று, அதன் நிழல் மன்னார்த் தீவில், கீரி என்ற ஊரில், மாக்கிறட்டின் முற்றத்தில் விழுந்தது. தினமும் பின்னேரம் நாலு மணிக்கு வரும், ஐந்தேகாலுக்குப் போய்விடும். இருநூறு மைலுக்கு நிழல் நீளாது என்று அமிர்தநாயகம் வாத்தியார் கரும்பலகையில் படம் கீறிக் காட்டினார். வாத்தியார் சொன்னது சரிதான். நிழலும் விழுந்துகொண்டுதான் இருந்தது. முதலில் கருவாடு காயவில்லையே என்று சனம் முணுமுணுத்தது. பிறகு நிழலின் நுனியில் அன்ரனாவைக் கிடத்தினால் படம் தெளிவாக வருகிறது என்று கண்டுபிடித்து, தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்த நாலு வீட்டாரும் அவள் முற்றத்துக்கே குடிவந்த மாதிரி ஆனார்கள்.

மாக்கிறட் படம் பார்க்கவில்லை, நிழலைத்தான் பார்த்தாள். கலியாணம் முடித்த நாலாம் மாதம், பாய்மரம் ஏறுவதில் கெட்டிக்காரன் என்று அவள் புருசன் யாகப்பரைக் வேலை ஒப்பந்தம் எடுக்கும் கொந்திறாத்துக்காரன் ஒருவன் கொழும்புக்குக் கூட்டிப்போயிருந்தான், கோபுரத்து உச்சியில் சிவப்பு விளக்கு மாற்ற. நிழல் கோபுரத்தில் ஒரு சின்ன மனித நிழல் யாகப்பரைப் போலவே இடக்காலை முதலில் வைத்து ஏறி, பாதியில் நின்று முதுகைச் சொறிந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அதன் பின் கடிதம் வராதது அவளுக்கு அவ்வளவாகச் சுடவில்லை.

கடலுக்குப் போனவன் ஒரு வருசத்தில் திரும்பாவிட்டால், வெறும் சவப்பெட்டி வைத்து ஆத்துமப் பூசை கொடுத்து, பெண்சாதிக்குக் கறுப்பு உடுத்துவது அந்த ஊர் வழக்கம். யாகப்பர் போனது பஸ்ஸில். ஆனாலும் ஏழு வருசமாயிற்றே என்று, மாமியார் வீட்டார் கறுப்புச் சேலையோடு பங்குச் சுவாமியாரையும் கூட்டி வந்தார்கள்.

"சுவாமி, நாலு மணி மட்டும் இருந்து பாருங்கோ," என்றாள் மாக்கிறட். "உயிரோட இருக்கிற மனுசனுக்கு நான் எப்பிடிக் கறுப்பு உடுக்கிறது?"

சுவாமியார் இருந்தார். நிழல் ஏறியது, சொறிந்தது. அவர் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுச் சேலையைத் தானே எடுத்துக்கொண்டு போனார்.

பிறகு சண்டை வந்து பாதை அடைபட்டது. ஊர் இடம்பெயர்ந்தது, திரும்பியது, மறுபடி இடம்பெயர்ந்தது. அவள் அசையவில்லை. ஆமிக்காரர் வந்து நிழலை ஏற இறங்கப் பார்த்து, 'வீட்டிலுள்ளோர்: இரண்டு' என்று பதிந்துகொண்டு போனார்கள். பேச்சுத் துணைக்கு ஒரு ஈ காக்கை இல்லை. பாவம், என்ன செய்வாள்? முட்டையிடாத கோழியை, பல்லுக்குத்தை, பயத்தை, எல்லாவற்றையும் அந்த நிழலிடம்தான் சொன்னாள்.

இருபதாம் வருசம் பாதை திறந்தது. யாகப்பர் நரைத்த தலையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். காலடியில் நிழல் இல்லை. அதை அவர் கவனித்ததாகவும் தெரியவில்லை.

"கோபுரத்தில எவ்வளவு காலம் ஏறினீங்கள்?" சோறு போட்டபடி கேட்டாள்.

"அதை ரெண்டாம் மாசமே விட்டிட்டன். தலைச்சுத்து. பிறகு கண்டியில ஒரு கடையில நிண்டனான்."

"ஒரு கடிதம் போட்டிருக்கலாமே."

"போடுவம் போடுவம் எண்டு..." என்று இழுத்தார்.

மாக்கிறட் அகப்பையைச் சட்டியில் ஓங்கித் தட்டினாள். ஆனாலும் இரண்டாந்தரமும் குழம்பு விட்டாள்.

மறுநாள் பின்னேரம் அவர் முற்றத்து நடுவில் கதிரை போட்டுக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். மாக்கிறட் முகம் கழுவி, தலை வாரி, வெளியே வந்தாள்.

"கொஞ்சம் தள்ளி இருங்கோ," என்றாள். "என்ர மனுசன் வாற நேரம்."

யாகப்பர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மணலில் ஓர் இடக்காலின் நிழல் விழுந்துவிட்டது. அவர் எழுந்து, கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போனார்.