அறுபதும் நாற்பத்திரண்டும்

கோவிலம்பாக்கத்தில் முதியோருக்கென்றே கட்டிய ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் கோகிலவாணி பராமரிப்பு மேலாளர். முப்பத்தாறு குளியலறைகளுக்கும் மொட்டை மாடியிலிருக்கும் ஒரே தொட்டியிலிருந்துதான் வெந்நீர் போகும். ஒரு திங்கட்கிழமை காலை, பச்சைத் தண்ணீர் நின்றுபோயிருந்த நேரத்தில், இரண்டாம் மாடி சுந்தரவல்லி குழாயைத் திறந்துவிட்டார். வெறும் வெந்நீர் காலில் கொட்டிப் பாதமெல்லாம் கொப்புளம்.

அரைமணி நேரத்துக்குள் சங்கச் செயலாளர் ஸ்ரீரங்கன் மாடியேறி, ஹீட்டரை அறுபதிலிருந்து நாற்பது டிகிரிக்கு இறக்கிவிட்டார். கோகிலவாணி தலையில் அடித்துக்கொண்டாள். வெதுவெதுப்பான தண்ணீரில் கிருமி பெருகும், ஷவர் சாரலோடு மூச்சுக்குள் போகும், இந்த வயசில் நிமோனியாவில் கொண்டுபோய் விடும் என்று நேரிலும் சொன்னாள், மின்னஞ்சலிலும் எழுதினாள். வங்கியில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். 'நோட்டட்' என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டார்.

ஆறு வாரம் கழித்து, கோகிலவாணி அனுப்பியிருந்த தண்ணீர் மாதிரிக்கு ஆய்வகத்திலிருந்து அறிக்கை வந்தது. தண்ணீரில் அதே கிருமி. நல்லவேளை, யாரும் படுக்கவில்லை. ஸ்ரீரங்கன் பதறிப்போய் எழுபத்தைந்துக்கு ஏற்றச் சொன்னார்.

"ஒரு நாள் மட்டும் ஏத்தறேன் சார், லைனைக் கழுவிவிட. அன்னிக்கு யாரும் குழாயைத் தொடக் கூடாது. அப்புறம் அறுபதுதான். ஆனா ஒவ்வொரு பாத்ரூம்லயும் மிக்ஸிங் வால்வு வேணும். போன வருஷமே கேட்டேன்," என்றாள் கோகிலவாணி.

சூட்டையும் குளிரையும் அதுவே கலந்து கொடுக்கும் என்றால், தொட்டிக்குப் பக்கத்தில் ஒன்று மாட்டினால் போதாதா என்று கேட்டார் அவர். கோகிலவாணி பல்லைக் கடித்துக்கொண்டாள். கூட நின்ற பம்மல் பிளம்பர் லாசரஸ்தான் பதில் சொன்னான்.

"அங்க போட்டா கீழ வரைக்கும் பைப்பு பூரா வெதுவெதுப்பாதான் சார் ஓடும். தொட்டியில வளராத கிருமி பைப்புல வந்து குந்திக்கும். குழா கிட்டக்க போட்டாதான் கரீட்டு."

"லாஜிக் இருக்கே," என்றார் ஸ்ரீரங்கன்.

இதையே அவள் மூன்று முறை எழுதியிருந்தாள். மூன்றுக்கும் 'நோட்டட்'. வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று, லாசரஸுக்கு டீ சொல்லப் போகிற சாக்கில் கீழே இறங்கிவிட்டாள்.

லைனைக் கழுவி, குளியலறைதோறும் வால்வு மாட்டும் வேலை பதினொரு நாள் இழுத்தது. ஒவ்வொரு வால்வையும் அவளே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாள். நாற்பத்திரண்டு காட்ட வேண்டும். பச்சைத் தண்ணீரை நிறுத்தினால் வெந்நீரும் நின்றுவிட வேண்டும். நாலு வால்வுகளைக் கழற்றி மறுபடி மாட்டவைத்தாள். அதன்பின் எடுத்த மாதிரியில் கிருமி இல்லை.

கால் ஆறியும் சுந்தரவல்லி ஷவர் பக்கமே போகாமல், வாளியில் பச்சைத் தண்ணீர் பிடித்துத்தான் குளித்துக்கொண்டிருந்தார். கோகிலவாணி முதலில் தன் கையை ஷவர் தண்ணீரில் நீட்டிக் காட்டிய பிறகுதான், சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாதத்தைத் தண்ணீரில் வைத்தார்.

"இன்னும் கொஞ்சம் சூடா வராதாம்மா?"

"வராது மாமி," என்றாள் கோகிலவாணி. குரலில் எரிச்சல் அப்பட்டமாகத் தெரிந்தது. சுந்தரவல்லி அதைச் சட்டை செய்யவில்லை. இன்னொரு காலையும் எடுத்து உள்ளே வைத்தார்.