மரகதத்தை அழைத்துவர நாலு சக்கரம்

சென்னியப்பனின் பழைய ஸ்டேஷன் வேகனிலிருந்து நான்கு சக்கரங்களும் செவ்வாய்க்கிழமை காலை வேலையை விட்டு நின்றுவிட்டன. சொல்லிக்கொண்டுதான் போயின. அத்தனை வருடப் பழக்கம், அந்த மரியாதைகூட இல்லாமல் போகுமா?

வண்டி வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து உடுமலையிலிருந்து மாமியார் போன் செய்தார்.

"மாப்பிள்ளை, மரகதத்துக்கு முழங்கால் வரைக்கும் இரும்பாயிருச்சுங்க."

"பீரோவுங்களா?"

"பீரோதானுங்க. விளக்கு வெக்கறதுக்குள்ள வந்து கூட்டீட்டுப் போயிருங்க. அப்புறம் என்னையக் குத்தஞ் சொல்லப்படாது."

கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டில் நாள்கணக்கில் தங்கினால் அந்த வீட்டுச் சாமானாகிவிடுவாள். அந்தப் பக்கத்தில் அது வழக்கம். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மரகதத்தின் தங்கை தையல் மிஷினாகி நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறாள். மரகதம் போனது ஒரு காதுகுத்துக்கு. எந்தக் கிழமை போய்க் கூட்டிவருவது என்று சென்னியப்பன் சொந்தக்காரர்களைக் கேட்டுக்கொண்டிருந்ததில் தாமதமாகிவிட்டது.

பஸ்ஸில் போகலாமே என்பீர்கள். ஸ்டேஷன் வேகன் வைத்திருக்கும் மாப்பிள்ளை பஸ்ஸில் போய் இறங்கினால் மாமனார் வீட்டு நாய்கூட மதிக்காது. பெண்டாட்டி பீரோவானாலும் ஆகட்டும், மானம் முக்கியம் அல்லவா?

வண்டிக்குக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு சக்கரக் கடைக்குப் போனான். அது முனகியபடி கூட வந்தது. கடை உள்ளே நடக்க நடக்க நீண்டது. வாசலிலிருந்து பார்த்த கல்லாப்பெட்டியைப் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. கல்லாவில் இருந்த அம்மாள் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டேப்பை எடுத்துச் சென்னியப்பனின் தலையை அளந்தார்.

"எங்க போகோணும்?"

"உடுமலைக்குங்க."

"உடுமலை எங்க இருக்கோணும்?"

நியாயமான கேள்விதான். பெரிய சக்கரம் போட்டால் மீட்டர் தூரத்தைக் குறைத்துக் காட்டும். மீட்டர் குறைத்துக் காட்டினால் ஊர் அந்த அளவுக்குக் கிட்டத்தில் வந்து நின்றாக வேண்டும். சின்னது போட்டால் அதே ஊர் தள்ளிப் போய்விடும். நாளைக்கு எங்கே கண் விழிப்போம் என்று தெரியாமல்தான் உடுமலைக்காரர்கள் தூங்கப் போகிறார்கள்.

அம்மாள் ஒரு சக்கரத்தை உருட்டிவிட்டார். பதினைந்து இஞ்ச், ஸ்டீல், நடுவில் பளபளவென்று ஒரு கப். அது வண்டியைப் பார்த்ததும் வெட்கப்பட்டு நின்றது. வண்டி முனகலை நிறுத்தியது. சென்னியப்பனுக்கு அதைப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. தானாக ஒன்று பிடித்துப்போவது அவனுக்கு இதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"இதுதான் சேருது. மாட்டீரலாமா?"

"பெரியவங்களை ஒரு வார்த்தை கேட்டுக்கறனுங்க."

போய்க் கேட்கிற சிரமமே இருக்கவில்லை. அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் பெரியப்பா, தாய்மாமன், பங்காளி, மரகதத்தின் தம்பி ஆகிய நால்வரும் கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்து முடித்திருந்தார்கள். சொந்தம் என்றால் சும்மாவா?

"பன்னண்டு இஞ்ச் போதும்" என்றார் பெரியப்பா. "அடக்கமா இருக்கும்."

"பதினேழு போடு மாப்ளே, அலாய்" என்றார் தாய்மாமன்.

மரகதத்தின் தம்பி ஸ்போக் வைத்த பதினாலு கேட்டான். பங்காளியோ, தன்னைக் கடைசியாகக் கேட்டதற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெகுநேரம் கெஞ்சிய பிறகு, பதினாறு, தங்க நிறம் என்றார்.

மறுபடி போன்.

"இடுப்புக்கு வந்திருச்சுங்க மாப்பிள்ளை. கீல் முளைச்சாச்சு."

ஒருவர் சொல்வதைக் கேட்டு மற்ற மூவரை விட்டால், அவர்கள் இனி எந்த விசேஷத்துக்கும் வாசல் மிதிக்கமாட்டார்கள். ஆளுக்கொரு சக்கரம் மாட்டச் சொன்னான் சென்னியப்பன். மூத்தவர் என்பதால் டிரைவர் பக்கத்து முன்சக்கரம் பெரியப்பாவுக்கு. பதினைந்து இஞ்ச் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் தானாக உள்ளே உருண்டு போயிற்று. அம்மாள் அவன் தலையை இன்னொரு தரம் அளந்தார். சுருங்கியிருந்தது.

அவரவர் சக்கரத்துக்கு மேல் அவரவர் ஏறிக்கொண்டார்கள். பெரியப்பாவுக்குச் சென்னியப்பனின் மடி.

தாய்மாமன் இருந்த மூலை சற்று நேரத்திலேயே உடுமலை போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் இறங்கிச் சாப்பிட உட்கார்ந்தார். பிறகு பங்காளியின் மூலை போயிற்று, பிறகு தம்பியின் மூலை. டிரைவர் பக்கம் மட்டும் வழியில் கிணத்துக்கடவிலேயே அடக்கமாக உருண்டுகொண்டிருந்தது. மரகதத்தை நினைத்துச் சென்னியப்பன் அழுதுகொண்டே ஆக்ஸிலேட்டரை மிதித்தான்.

"மெதுவாப் போ" என்றார் மடியிலிருந்த பெரியப்பா.

டிரைவர் பக்கமும் உடுமலை போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. கூடத்தில் பச்சை பீரோ நின்றது. ஒரு கதவில் ஆளுயரக் கண்ணாடி. மாமியார் அதற்குக் குங்குமம் வைத்திருந்தார்.

"நல்லவேளை, ஸ்டேஷன் வேகனா இருக்குது" என்று இலையிலிருந்து குரல் கொடுத்தார் பங்காளி. "பின்னால படுக்க வெச்சுக் கொண்டு போயிரலாம்."

பெரியப்பாவும் இலைக்குப் போனார். சென்னியப்பன் பீரோவில் நெற்றியை வைத்தான். சில்லென்றிருந்தது.

"மரகதம்?"

"ம்."

"நேரமாயிருச்சு கண்ணு."

"தெரியுதுங்க. சாவி ஆணியில தொங்குது. இன்னும் உள்ளுக்குள்ள முழுசா இரும்பாகுல. சீக்கிரம் தொறந்தீங்கன்னா வெளிய வந்தர்றேன்."

சாவியைப் பூட்டில் நுழைத்தான். வலப்பக்கம் திருப்ப வேண்டும். அது அவனுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் பெரியவர்கள் நாலு பேர் இருக்கிற வீட்டில், கேட்காமல் ஒரு பக்கமாகத் திருப்புவது எப்படி?

பந்தியை எட்டிப் பார்த்தான். நால்வரும் பாயசத்தில் இருந்தார்கள். சாப்பிடுகிறவர்களைத் தொந்தரவு செய்வது அழகில்லை. சாவியில் வைத்த கையோடு, அவர்கள் கை கழுவி வரும்வரை சென்னியப்பன் நின்றுகொண்டிருந்தான்.