எழுத்து உதிர்ந்த பாலம்

மாவட்ட அரங்கத்தின் திரையில் முதல் பக்கம் விரிந்தபோது புருல்சாவுக்கு அது தான் செய்ததுதானா என்றே சந்தேகம் வந்துவிட்டது. பனிமலையும் ஆறுமாக அவள் வைத்திருந்த படத்தைக் காணோம், அங்கே சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. தலைப்பு சரிந்து பாதி திரைக்கு வெளியே போயிருந்தது. மிச்சப் பாதியில் எழுத்துகளுக்கு நடுவே வெற்றுக் கட்டங்கள். ரஷ்ய எழுத்துகளோடு எங்கள் கிர்கிஸ் மொழி தனக்கென்று சேர்த்துக்கொண்ட சில எழுத்துகள் உண்டு. அவை அந்தப் பழைய கணினியின் வாயில் நுழையவில்லை. பாலத்துக்கு எங்கள் சொல் ஆறெழுத்து. அதில் மூன்று போய்விட்டன.

புருல்சா எங்கள் கிராமத்து நர்ஸ். ஆற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் தார்ச்சாலை. ஆம்புலன்ஸ் அங்கேயே நின்றுவிடும். நோயாளியைத் தொங்குபாலத்தில் நாங்கள்தான் தூக்கிப் போகவேண்டும். மாவட்டம் இந்த வருடம் ஒரே ஒரு கிராமத்தின் கோரிக்கையைத்தான் எடுத்துக்கொள்ளும் என்றதும், தன் தங்கை தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து அனுப்பிய புது மடிக்கணினியில், சாயங்காலம் ஆனால் உட்கார்ந்து, புதுப் பாலம் கேட்டு, வீடியோவெல்லாம் சேர்த்து அவளே இந்தப் படக்காட்சியைச் செய்திருந்தாள். அவளுக்குத் துணையாக வந்த நாங்கள் நாலு பேரும் பின்வரிசையில் நெளிந்தோம்.

கணினியைப் பார்த்துக்கொள்ளும் சாதிபால்தி மவுஸை நாலு தட்டுத் தட்டினார். "தங்கச்சி, நீ புதுசுல செஞ்சிட்டு வந்திருக்கே. என் பெட்டிக்கு வயசாயிடுச்சும்மா, என்னை மாதிரியே. பாதிதான் புரியும்." அவள் மடிக்கணினியையே மாட்டலாம் என்றால் அரங்கத்து வயரின் முனை அதில் நுழையவில்லை.

முன்வரிசையிலிருந்து தொலோகோன் குரல் கொடுத்தான். பக்கத்து ஊர் மல்யுத்தக்காரன், கதவை அடைக்கிற உடம்பு. தன் ஊருக்கு விளையாட்டுக் கூடம் கேட்டு அப்போதுதான் பேசி முடித்திருந்தான். அவனுடையது பழைய பதிப்பில் செய்தது, வழுக்கிக்கொண்டு ஓடியது. "அக்கா, உங்க பாலத்துல மூணு பலகையைக் காணோமே!"

அரங்கம் கொல்லென்று சிரித்தது. புருல்சாவின் காது மடல்கள் சிவந்தன. ஒரு கணம் மைக்கை வைத்துவிட்டு இறங்கிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"மூணுதானா? எங்க ஊர்ல வந்து எண்ணிப் பாரு தம்பி. அதுக்கு இந்தக் கம்ப்யூட்டர் எவ்வளவோ தேவலை."

இப்போது சிரிப்பு அவள் பக்கம் திரும்பியது. அடுத்த பக்கத்தை அவள் வாசிக்கவில்லை, அரங்கம் வாசித்தது. கட்டம் வந்த இடத்திலெல்லாம் ஆளுக்கொரு எழுத்தைக் கூவினார்கள். கர்ப்பிணி ஒருத்தியைப் பாலத்தில் தூக்கிப்போன வீடியோ வரவேண்டிய பக்கத்தில் திரை முழுக்கக் கறுப்பு.

"தொலோகோன், மேலே வாப்பா. நீதான் கர்ப்பிணி."

"நானா?"

"வயிறு இருக்குல்ல, போதும்."

அவன் மறுக்கவில்லை. சந்தோஷமாகவே ஏறிவந்து பெஞ்சில் மல்லாந்தான். நாங்கள் நாலு பேரும் தூக்கினோம், முதுகு முறிந்தது. பலகை இல்லாத இடங்களை அவள் காட்டக் காட்ட, காலை எட்டிவைத்துத் தாண்டி மேடையைக் கடந்தோம். "மெதுவாங்கடா, எனக்குத் தலைச்சன்!" என்று அவன் அலறியதில் கோரிக்கைகளைக் கேட்க உட்கார்ந்திருந்த மாவட்டத் தலைவி தொக்தோபுபுவே கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சிரித்து முடித்து அவர் கேட்டார்: "நிஜமாவே இப்படித் தூக்கிட்டுப் போனீங்களா? அந்தப் பொண்ணு என்ன ஆனா?"

"போன வசந்தத்துல. கதவைக் கழட்டி அதுல படுக்க வெச்சோம். நடுப்பாலத்துலயே பொறந்துடுச்சு." புருல்சா மைக்கை மறந்து பேசினாள், ஆனாலும் கடைசி வரிசைவரை கேட்டது. "பொம்பளைப் புள்ள. ரெண்டு பேரும் சௌக்கியம். பொறந்த புள்ள என் கையிலதான் இருந்தா. கீழே பாத்தா தண்ணி. அந்த நடுக்கம் எனக்கு இன்னும் போகலக்கா."

யாரும் சிரிக்கவில்லை. தலைவி பேனாவை மூடினார். "நாடகத்தைப் பாத்து கையெழுத்துப் போட முடியாது. வியாழக்கிழமை நேர்ல வர்றேன்."

வந்தார். காரை ஓட்டிவந்தது தொலோகோன். "எனக்கும் பாக்கணும்போல இருந்துச்சு" என்றான். குதிகால் உயர்ந்த செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, இன்னொரு கையால் புருல்சாவின் தோளைப் பிடித்தபடி தலைவி ஒவ்வொரு பலகையாகக் காலை வைத்தார். நடுப்பாலத்துக்கு வந்தபோது எதிர்முனையில் எங்கள் ஊர்ச் சிவப்புப் பசு ஒன்று ஏறியது. பாலத்தில் எதிரெதிரே கடக்க இடமில்லை. பசு நின்றது. தலைவியும் நின்றார். காற்று பாலத்தை மெல்ல ஆட்டியது. இரண்டு பேரில் யாரும் பின்வாங்குவதாக இல்லை.