ஒன்பது நாள் ஓடிய படம்

என் மகளைத் திருத்தத்தான் அந்தப் படத்தைப் போட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் என்னைக் குத்திக்காட்ட வேண்டாம்.

அவளுக்குப் பதினேழு வயது. வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவோம். வெளியூர் நடனப் பள்ளி ஒன்றில் மூன்று வருடப் படிப்புக்கு இடம் வாங்கிவிட்டாள். படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும், திங்கட்கிழமை கடைசித் தேதி. அவளுடைய அப்பா, "அம்மாகிட்ட கேட்டுக்கோ" என்று நைசாக நழுவிவிட்டார். நான் பத்து நாளாக முடியவே முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

"உனக்கு என்னம்மா பயம்?" என்று தினமும் கேட்டாள்.

"பயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நானும் உன் வயசுல ஆடினவதான். ஒரு படத்தைப் பார்த்துத்தான் எனக்குப் புத்தி வந்துச்சு. உக்காரு, நீயும் பாரு."

ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் படத்தைப் போட்டேன். என் அப்பாவும் ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். முப்பது வருடம் தியேட்டரில் ஆபரேட்டராக இருந்து படம் ஓட்டியவர். இந்தப் படத்தை எங்கள் ஊரில் ஓட்டியதும் அவர்தான். பெயரைக் கேட்டதும், "அது எதுக்கு இப்ப? சுத்த அறுவை" என்று எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்கப்பா. உங்களுக்கு அப்படி என்ன தலைபோற வேலை?" என்று அதட்டினேன். உட்கார்ந்துவிட்டார்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஆடத் துடிக்கும் ஒரு பெண், ஆடவே கூடாது என்கிற அப்பா, கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்த ஒரு ஜோடி சிவப்பு ஷூ. மற்ற ஊர்களில் நூறு நாள் ஓடியது. எங்கள் ஊரில் ஒன்பதே நாள். 'டான்ஸ் படம்னு சொல்லிட்டு, கடைசியில டான்ஸே இல்லாம பொசுக்குன்னு முடிச்சிட்டானே' என்று ஜனங்கள் திட்டிக்கொண்டே வெளியே வந்தார்கள். போஸ்டரில் அந்தப் பெண் பஸ் கூரைமேல் ஆடுவாள். படத்தில் அப்படி ஒரு காட்சியே கிடையாது. அப்பாவிடம் கேட்டதற்கு, "போஸ்டர்ல இருக்கிறதெல்லாம் படத்துல வருமா?" என்றார். நானும் நம்பினேன்.

எனக்குத் தெரிந்த முடிவு இதுதான். அந்தப் பெண் அப்பாவுக்கு முன்னால் தலைகுனிந்து, "மன்னிச்சிடுங்கப்பா" என்பாள். அவர் அவள் தலையில் கை வைப்பார். திரையில் 'வணக்கம்' விழும்.

அந்தப் படம் பார்த்த அன்றைக்கு என் பாடப்புத்தகத்துக்குள் ஒரு கடிதம் இருந்தது. ஒரு நடனக் குழுவில் வந்து சேரச் சொல்லி எழுதியிருந்தார்கள். அவ்வளவு துணிச்சல்காரியே மன்னிப்புக் கேட்டுவிட்டாள், நான் எம்மாத்திரம் என்று வீட்டுக்கு வந்து அதைக் கிழித்துப் போட்டேன். பிறகு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். இருபத்தெட்டு வருடமாக ஊரார் கண்ணையெல்லாம் சோதித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த இடம் வந்தது. "இதோ, இதோ, பாரு" என்றேன். அந்தப் பெண் "மன்னிச்சிடுங்கப்பா" என்றாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். 'எப்படி?' என்று வாலுவை ஒரு பார்வை பார்த்துவிட்டு ரிமோட்டை எடுத்தேன்.

படம் முடியவில்லை. அந்தப் பெண் குனிந்து கதவோரம் இருந்த பையை எடுத்தாள். "போயிட்டு வரேன்" என்றாள். விறுவிறுவென்று தெருவில் இறங்கி நடந்தாள். அடுத்து பஸ் கூரை, சிவப்பு ஷூ, ஆட்டமான ஆட்டம்.

வாலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா, இதைப் பார்த்தா உனக்குப் புத்தி வந்துச்சு?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"அப்பா!"

"நாலு நிமிஷம்தான் வெட்டினேன்" என்றார். "படப் பெட்டி திரும்பிப் போறப்ப வெட்டினதை ஒட்டித்தான் அனுப்பினேன். தொழில்ல நான் குறை வைக்கல."

"நீங்கல்லாம் ஒரு அப்பாவா? ஊரையே ஏமாத்தியிருக்கீங்களே!"

"ஊருக்காகவா வெட்டினேன்? புதுப் படம் வந்தா ரிலீசுக்கு முந்தின நாளே சவுண்டு போடாம ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பேன்ல, எங்கயாவது அறுந்திருக்கான்னு. அப்பதான் பார்த்தேன், அந்தப் பொண்ணு பையைத் தூக்கிட்டுப் போறா. மறுநாள் நீ சிநேகிதிங்களோட வரப்போற. உன் புஸ்தகத்துல இருந்த லெட்டரையும் பார்த்துட்டேன். பயந்துட்டேன்."

வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் ரிமோட்டுக்குக் கை நீட்டினார். படத்தைப் பின்னால் ஓட்டினார். பை, கதவு, "போயிட்டு வரேன்". மறுபடியும் ஓட்டினார்.

"வரேன்னா சொல்றா?" என்று கேட்டார்.

"ஆமா தாத்தா. போயிட்டு வரேன்னுதான் சொல்றா" என்றாள் வாலு.

"இதை நான் கேக்கவே இல்லையேம்மா. ஒரேயடியா போறான்னுல்ல நினைச்சேன்."

என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. "நானும் திரும்பி வந்திருப்பேன்ப்பா" என்றேன்.

"இப்ப தெரியுது" என்றார்.

வாலு பத்து நாளாகக் கேட்ட கேள்விக்கு எனக்கும் அப்போதுதான் பதில் கிடைத்தது. ஒரேயடியாகப் போய்விடுவாளோ என்ற அதே பயம்தான்.

"அந்த ஃபாரத்தை எடுத்துட்டு வா."

"எந்த ஃபாரம்?"

"நடிக்காத கழுதை, போய் எடுத்துட்டு வா."

கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். அப்பா மறுபடியும் அதே இடத்துக்குப் படத்தைப் பின்னால் ஓட்டிக்கொண்டிருந்தார்.