இன்னொரு எஸ்ரா பிக்ஸ்பி

பியோனிப் பூக்களை வெட்டிக் காபி டப்பாக்களில் வைத்துக்கொண்டிருந்த வெர்னா, ஒவ்வொன்றையும் தட்டித் தட்டி எறும்பை உதிர்ப்பதில் வேண்டுமென்றே நேரத்தைக் கடத்தினாள். வாசலில் தம்பி லைல் வண்டியோடு காத்திருந்தான். மே கடைசியில் வரும் போர்வீரர் நினைவு நாளில் கல்லறைக்குப் பூ வைக்காத பிக்ஸ்பி குடும்பத்தான் அயோவாவிலேயே கிடையாது. முதல் டப்பா எப்போதும் உள்நாட்டுப் போரில் இரண்டு விரல்களைப் பறிகொடுத்த எள்ளுத்தாத்தா எஸ்ராவுக்கு.

எஸ்ராவின் கல் தேய்ந்துவிட்டது, போர்வீரர்களுக்கு அரசாங்கம் தரும் புதுக் கல்லை வாங்கிவிடலாம் என்று ஆரம்பித்தவன் லைல்தான். சான்று வேண்டுமே என்று வெர்னா வாஷிங்டனுக்கு எழுதி அவருடைய ஓய்வூதியக் காகிதங்களை வரவழைத்தாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. கல்லில் இருந்த வருடம் 1887. காகிதத்திலோ எஸ்ரா 1892 வரை கையெழுத்துப் போட்டிருந்தார். மறு வருடம் மாவட்ட ஏழை விடுதியில் இறந்து, அங்கேயே முப்பத்தொன்றாம் எண் கல்லின் கீழ் புதைக்கப்பட்டிருந்தார். கல்லில் பெயரைப் பார்த்ததும், போர்வீரர் கல்லறையில் நடும் சிறு தேசியக் கொடியை அங்கே நட்டுவிட்ட அவர்கள் தாத்தாவுக்கு வருடத்தைப் பார்க்கப் பொறுமை இல்லை. அவருக்குப் பின் வந்தவர்களும் அப்படியே. பொறுமை அந்தக் குடும்பத்தில் யாருக்குத்தான் இருந்தது?

மூன்று வாரமாக அந்தக் காகிதம் மாவு டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது. போன அக்டோபரில் லைல் தன் மனைவி டார்லீனை அந்தக் கல்லுக்குப் பக்கத்தில்தான் புதைத்திருந்தான். அனாதை இல்லத்தில் வளர்ந்தவள் டார்லீன். செத்த பிறகாவது சொந்தக்காரர்கள் பக்கத்தில் படுக்க வேண்டும் என்று அது ஒன்றைத்தான் கேட்டாள். அதை நினைக்கும்போதெல்லாம் வெர்னா காகிதத்தை இன்னும் உள்ளே தள்ளி வைத்தாள்.

லைல் உள்ளே வந்தான். “அக்கா, எறும்புக்கெல்லாம் பேர் வச்சு முடிச்சிட்டியா?”

அவள் காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். அவன் நின்றபடியே இரண்டு முறை படித்தான்.

“எத்தன நாளாத் தெரியும்?”

“மூணு வாரமா.”

“அப்ப டார்லீன் பக்கத்துல படுத்திருக்கிறது யாரு?”

“எஸ்ரா பிக்ஸ்பிதான்டா. ஆனா நம்ம ஆளு இல்ல.”

டப்பாக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். கல்லறையில் மனைவிக்குப் பூ வைத்துவிட்டு, பக்கத்துக் கல்லின் முன் குனிந்து வருடத்தைத் தடவிப் படித்தான். அங்கே போன வருடம் நட்ட கொடியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான். பிறகு என்ன நினைத்தானோ, அந்த ஆளுக்கும் ஒரு டப்பா பூவை வைத்தான். “டார்லீனுக்குத் துணையா இருக்காருல்ல,” என்றான். அவன் குரல் உடைந்ததும் வெர்னா வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

அங்கிருந்து ஏழை விடுதி இருந்த இடத்துக்கு வண்டியை விட்டார்கள். விடுதி இடிந்து நாற்பது வருடமாகிறது. இப்போது அது யாருடைய சோள வயலோ. வேலியோரப் புல்லில் எண் பொறித்த செங்கல் அளவுக் கற்கள் வரிசையாகத் தென்பட்டன. இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. அதற்கப்பால் கல் இல்லை, கணுக்கால் உயரப் பயிர்தான்.

லைல் இருபத்தொன்பதிலிருந்து முப்பதுக்குக் காலால் அளந்தான். நான்கு அடி. பிறகு முப்பதிலிருந்து, நாற்றை மிதித்துவிடாமல், வயலுக்குள் அதே நான்கு அடி வைத்து நின்றான்.

“அடுத்த வாரம் மருந்தடிக்கிற வண்டி வருமேடா,” என்றாள் வெர்னா.

“வரட்டும். அவனும் விவசாயிதானே, சுத்திப் போவான்.”

இரண்டு சோளப் பயிருக்கு நடுவில் குனிந்து கொடியை நட்டான். காற்று அதைச் சாய்த்தது. கையால் மண்ணை அணைத்து மறுபடி நிமிர்த்திவிட்டு, பூ டப்பாவுக்காக அக்காவை நோக்கிக் கையை நீட்டினான்.