அப்பா பிரித்துக் கொடுத்த கல்

பேருந்து ஓட்டுநருக்கு மூன்றாம் முறையாகச் சிறுநீரகக் கல் வந்தது. பணிமனையில் வண்டியைக் கழுவவிட்டு இறங்கியவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே டயர் ஓரமாகச் சுருண்டுவிட்டார். ஆஸ்பத்திரிக்கு மனைவி வருவதற்குள் அவருடைய அக்கா வந்துவிட்டாள். காரணத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

"எல்லாம் இவ சமையல். தக்காளி விதையைக் கொட்டிக் கொட்டி ஊத்தினா கல்லு வராம வைரமா வரும்?"

தையற்காரியான மனைவி புருஷனின் போர்வையை இழுத்துவிட்டாள். முதல் கல் வந்ததிலிருந்து அந்த வீட்டில் தக்காளி விதை நுழைந்ததே இல்லை. இரண்டாவது கல்லுக்கு, புருஷனுக்குத் தண்ணீர் கொடுக்கத் தெரியாதவள் என்ற பட்டம் கிடைத்தது. பேருந்தைக்கூட அவள்தான் ஓட்டுகிறாள் போலும்.

இம்முறை வந்த டாக்டரம்மா கல்லோடு நிற்காமல் ரத்தத்தையும் சோதித்தார். கால்சியம் ஏகத்துக்கும் ஏறியிருந்தது.

"கழுத்துல குட்டிக்குட்டியா நாலு சுரப்பி இருக்கு. அது கெட்டுப்போனா எலும்புல இருக்கற கால்சியத்தை உருவி ரத்தத்துல விட்டுடும். சில குடும்பத்துல இது பரம்பரையா வரும். உங்க வீட்டுல யாருக்காவது கல் இருந்துச்சா?"

"எங்க வம்சமே இரும்பு உடம்பு!" என்றாள் அக்கா.

"அப்பாவுக்கு?"

"அவருக்குக் கல்லெல்லாம் ஒண்ணும் கிடையாது. அப்பப்ப இடுப்பு வலியில கத்துவாரு. கடைசியில ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. அவ்ளோதான்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "உங்களுக்கு எப்படிம்மா?"

"எனக்கென்ன? எலும்பெல்லாம் வலிக்கும், ஓயாம தாகமெடுக்கும், சட்டுனு கோபம் வரும். வயசாச்சில்ல? நானே கடையில கால்சியம் மாத்திரை வாங்கிப் போட்டுக்கறேன்."

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள்; அக்காவுக்குக் கழுத்தும் தெரியவில்லை. அவளுடைய கால்சியம் தம்பியுடையதைவிட அதிகமாக இருந்தது. மரபணுச் சோதனை இருவருக்கும் ஒரே பதிலைச் சொன்னது. ஒரு முழம் நிலம்கூட வைக்காமல் போன அப்பா, இதை மட்டும் மகனுக்கும் மகளுக்கும் பாரபட்சமில்லாமல் பிரித்துக் கொடுத்திருந்தார்.

முதல் அறுவை சிகிச்சை அக்காவுக்கு. உடன் இருந்தவள் தம்பி பெண்டாட்டிதான். கழுத்தில் கட்டோடு கிடந்த அக்காவுக்குச் சில நாள் குரலே எழும்பவில்லை. குடும்பம் இவ்வளவு அமைதியை அதுவரை கண்டதில்லை. அவள் சைகையால் கூப்பிட்டபோது, தலையணை சரியில்லை என்று திட்டத்தான் என நினைத்துத் தையற்காரி குனிந்தாள்.

"உன் பாப்பாவுக்கும்... பாத்துடு" என்று காற்றாக வந்தது.

"பாத்தாச்சு அண்ணி. அவளுக்கும் இருக்கு."

அக்காவின் கண்கள் நிரம்பின. "எங்க பக்கத்துலேருந்துதானே போச்சு..."

முதல் கல் வந்ததிலிருந்து ஆறு வருஷமாக அந்த வாக்கியத்துக்குத்தான் தையற்காரி காத்திருந்தாள். கிடைத்தபோது மனசில் அதை வைத்துக்கொள்ள இடமில்லை.

"இப்பவே தெரிஞ்சது நல்லதுதான் அண்ணி. வருஷா வருஷம் ரத்தம் பாத்துக்கலாம்னாங்க. கல்லு வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம்" என்று அக்காவின் கண்ணைத் துடைத்துவிட்டாள்.