முப்பதாவது பிழை

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும் சோற்றுக்கு என்ன விலை? ஒரே ஒரு பிழை என்றாள் சரோஜாதேவி. ஏவன்டேல் சந்தையில் தன் கத்தரிக்காய்க் கூடைகளுக்குப் பின்னால் நின்று, கூட்டம் விலகும் நேரம் பார்த்து, காய் வாங்க வந்த தண்டபாணியிடம் குரலைத் தணித்துச் சொன்னாள். நல்ல வியாபாரி முதல் விலையை உரக்கச் சொல்வதில்லை.

பிழை அவள் மகன் சஞ்சீவனுடையது. சம்பளத்துக்கு ஆடும் பேஸ்பால் அணியில் இரண்டாம் பேஸ் என்ற முனையைக் காத்தவன். முந்தின நாள்தான் அவனுக்குக் கடைசி ஆட்டம். உருண்டு வந்த பந்து கால்களுக்கு நடுவே போய்விட்டது. அது தடுப்பவனின் பிழையா, அடித்தவனின் சாமர்த்தியமா என்று எழுதுவது ஸ்கோரர் தண்டபாணியின் வேலை. பிழை என்று எழுதினான். சஞ்சீவனின் கணக்கில் அது முப்பதாவது. இருபத்தொன்பதோடு நின்றிருந்தால் அந்த அணி கண்ட சிறந்த தடுப்பாளன் அவன்தான், முப்பதென்றால் இரண்டாமவன். தீர்ப்பை மாற்ற ஸ்கோரருக்கு ஒரு நாள் அவகாசம் உண்டு.

“கிரிக்கெட்டில கட்ச்சை விட்டா ஆரும் எழுதி வைக்கினமே, தம்பி?”

“இதுல எழுதுவாங்கக்கா. ரிட்டயர் ஆனாலும் பேருக்கு நேரா நிக்கும்.”

“அதுதான் சொல்லுறன், மாத்திவிடுங்கோ. இண்டைக்கு ஆட்டிறைச்சிக் கறி. தனிய இருக்கிற ஆள், இனி ஒவ்வொரு ஞாயிறும் பிளாக்ஹவுஸ் பேயில எங்கட வீட்டுக்கு வாங்கோ.”

“குழந்தைகூடத் தடுத்திருக்கும்கா அந்தப் பந்தை.”

“அப்ப குழந்தையைக் கொண்டுபோய் நிப்பாட்டியிருக்கலாமே!”

சிரித்துவிட்டான். மணவிலக்குக்குப் பிறகு வார இறுதிகளில் அவன் சிரிப்பது அரிது. ஆட்டத்தன்றும் கண்ணாடி அறைக்குள் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பான்.

“சஞ்சீவன் கேக்கச் சொன்னாரா?”

“ஐயோ, அவன் அறிஞ்சா என்னைக் கொல்லுவான்.”

வீட்டுக்கு வந்து வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டினான். பந்து ஒரு கல்லில் பட்டு எகிறியிருந்தால் போதும், மனசாட்சிக்கும் கறிக்கும் சண்டை வராது. ஒவ்வொரு முறையும் கல்லைத் தேடினான். பந்து மரியாதையாக, தரையோடு வந்துகொண்டே இருந்தது. அது கடந்து போனதும் சஞ்சீவன் பந்து வீசியவனைப் பார்த்து, கையுறையால் தன் நெஞ்சைத் தட்டினான். என்னுடைய தப்பு என்பதற்கு ஆட்டக்காரர்களின் சைகை அது.

கைப்பேசி ஒலித்தது. ‘கறி ஆறுது தம்பி.’

‘அது பிழைதான்கா. மன்னிச்சிடுங்க’ என்று அனுப்பினான்.

அடுத்த ஞாயிறு கடைக்குப் போனபோது அவள் பையை விரித்துப் பிடித்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு கிலோ கேட்டான். கத்தரிக்காய்களைத் தராசில் வைத்தாள். எடை கொஞ்சம் கூடியது. அவனுக்கென்று எப்போதும் அப்படியே விட்டு, மேலே ஒரு பிடி பச்சை மிளகாயும் போடுகிறவள், இன்று பெரிதாக ஒன்றை எடுத்துவிட்டுச் சின்னதாக ஒன்றை வைத்தாள். எண் ஆடி, நின்றது.

ஒரு கிலோ, ஆறு டாலர். ஆறு டாலர் கொடுத்தான். பாக்கி எதுவும் இல்லை.